சிறு நகரமும் சொந்தக் குரலும்



இலக்கிய நிகழ்ச்சியிலே ஒரு பொப் றொக் இசைக்குழுவைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். தனக்கென ஒரு குரலைத் தேடுவது எழுத்தாளனுக்கு மட்டும் உரிய பாடன்று. அந்தத் தேடலை ஆர்.ஈ.எம். என்ற அமெரிக்கக் குழுவின் வரலாற்றிலே நான் தெளிவாகக் காண்கிறேன்.

ஐக்கிய அமெரிக்காவின் தெற்கே, ஜோர்ஜியா மாநிலத்தில், ஏதென்ஸ் என்றொரு சிறு நகரம் உண்டு. பல்கலைக்கழகத்தைச் சுற்றி வளர்ந்த ஊர் அது. அங்கே இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்த பீற்றர் பக்கும், ஓவியம் பயின்ற மைக்கல் ஸ்ரைப்பும் அந்தக் கடையிலேயே பழக்கமானார்கள். பள்ளிப் பருவம் முதல் சேர்ந்து வாசித்த மைக் மில்ஸும் பில் பெரியும் பின்னர் இணைந்தனர். 1980 ஏப்ரல் 5ஆம் திகதி, வழிபாடு நின்றுபோன ஒரு பழைய தேவாலயத்தில் நடந்த பிறந்தநாள் விருந்தே இவர்களது முதல் மேடை.

தொடக்கத்தில் பிறர் பாடல்கள் பலவற்றைப் பாடினார்கள். விருந்துகளிலும் சிறு மண்டபங்களிலும் வாசித்து வாசித்தே சொந்தப் பாடல்கள் உருப்பெற்றன. பக் நீண்ட தனி வாசிப்புக்களை நாடவில்லை. கிற்றார்த் தந்திகளை ஒவ்வொன்றாக மீட்டி, மணியோசை போன்றதோர் ஒலியை எழுப்பினார். மில்ஸின் பேஸ் கிற்றார் தாளத்தோடு நின்றுவிடாமல் தனியொரு மெட்டைப் பாடிற்று. ஸ்ரைப்பின் சொற்களோ பாதி விளங்கும், பாதி விளங்கா.

சோதனை 1982இன் இறுதியில் வந்தது. முதலாவது நெடுந்தட்டுக்கான முயற்சியில், ஒரு தயாரிப்பாளர் ஒரே பாடலை இவர்களைக்கொண்டு பலமுறை வாசிப்பித்தார். பின்னர், அந்நாளில் நாகரிகமாயிருந்த சின்தசைசர் ஒலியை அதன்மேற் பூசினார். தங்கள் பாடல் தங்களுக்கே அந்நியமாகப்பட்டதால், குழுவினர் அவரை விட்டு விலகினர். மிற்ச் ஈஸ்ரர், டொன் டிக்சன் ஆகியோருடன் வட கரோலினாவின் சார்லட் நகரில் தம் விருப்பப்படி பதிவு செய்தனர். 1983இல் வெளிவந்த அந்த இசைத்தட்டின் பெயர் 'மேர்மர்', அதாவது முணுமுணுப்பு. 'றோலிங் ஸ்ரோன்' சஞ்சிகையின் விமர்சகர்கள் அதனையே அவ்வாண்டின் சிறந்த இசைத்தட்டாகத் தெரிந்தனர்.

1991இல் உலகெங்கும் ஒலித்த இவர்களது பாடல் 'லூசிங் மை றிலிஜன்'. சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டால் மதத்தை இழப்பதாகத் தோன்றும். அமெரிக்கத் தென்மாநிலப் பேச்சிலோ அது பொறுமை இழந்து போவதைக் குறிக்கும். பக் புதிதாக மண்டலின் பழகிக்கொண்டிருந்த வேளையிற் பிறந்த மெட்டு அது. ஊர் வழக்கொன்று அடிக்குறிப்பின்றியே உலகைச் சுற்றி வந்தது!

பாடல்களை ஆக்கியோர் என்று நால்வர் பெயரையும் சமமாகவே பொறித்தார்கள். 1997இல் பெரி விலகினார். 2011இல் குழு கலைந்தது.

நம்மிடையே சிற்றூர்களிலிருந்து எழுதும் இளைஞர் பலர் உள்ளனர். அவர்களது பேச்சுவழக்கைத் திருத்தி, காலத்துக்கேற்ற பூச்சுப் பூசித்தர யாரேனும் முன்வரவே செய்வர். பிழை திருத்தத்தை ஏற்கலாம், ஏற்கத்தான் வேண்டும். ஆனால், திருத்திய எழுத்தை உரக்க வாசிக்கும்போது அது வேறொருவர் குரலாகக் கேட்குமாயின், மறுத்துவிடும் துணிவும் வேண்டும் என்பதே என் கருத்து.