விலையை மறக்காதவர்கள்



சென்னையிலிருந்து செஞ்சி வழியாகவும் பெங்களூரிலிருந்து செங்கம் வழியாகவும் கிளம்பி, ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் திருவண்ணாமலைக்கு வந்து சேர்கிறவர்கள் உண்டு. தரிசனம் முடிந்ததும் டீக்கடை வாசலில் வண்டியை நிறுத்திப் பேச ஆரம்பிப்பார்கள். காரின் பெயர் வரும், என்ஜின் வரும், அடுத்து கட்டாயம் விலை வரும். "அபார்த் புன்டோ வந்தப்போ 9 லட்சத்து 95 ஆயிரம்தான்!" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் பெருமூச்சு விடுவார்கள். இந்தப் பேச்சை ஒரு கலையாகவே மதித்து இன்று எடைபோட விரும்புகிறேன்.

இந்தப் பேச்சில் வரும் கார்களுக்கு ஹாட் ஹேட்ச் என்று பெயர். வீட்டுக்கு வாங்கும் சின்னக் காரிலேயே வலுவான என்ஜினைப் பொருத்திய வண்டி அது. வாரநாளில் பிள்ளையைப் பள்ளியில் விடும். ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையில் ஓட்டுகிறவரைச் சிறுவனாக்கிவிடும். 1976-இல் ஜெர்மனியில் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ வந்தபோது 5,000 கார் விற்றால் போதும் என்றுதான் நினைத்தார்கள். அந்த முதல் தலைமுறை மட்டும் நாலரை லட்சத்துக்கு மேல் விற்றது. வேகம் பணக்காரர் வீட்டுச் சொத்தாக இருந்த காலத்தில், சம்பளக்காரருக்கும் அது எட்டியது. ஹாட் ஹேட்சின் உயிர் விலையில் இருப்பதால்தான் ரசிகர்கள் விலையை மறப்பதில்லை.

நம் நாட்டில் ஹாட் ஹேட்ச் வரிசை நீளமானதல்ல. 2013-இல் போலோ ஜிடி டிஎஸ்ஐ 7 லட்சத்து 99 ஆயிரம். 2015-இல் 145 குதிரைத்திறனுடன் அபார்த் புன்டோ. 2017-இல் பலேனோ ஆர்எஸ் 8 லட்சத்து 69 ஆயிரம். 2018-இல் டியாகோ ஜேடிபி 6 லட்சத்து 39 ஆயிரம்.

இந்த எண்களுக்குப் பின்னால் ஒரு வரி விதி இருக்கிறது. 2006 பட்ஜெட்டில் நான்கு மீட்டருக்குள் நீளமும் 1,200 சிசிக்குள் பெட்ரோல் என்ஜினும் உள்ள கார்களுக்கு உற்பத்தி வரியைக் குறைத்தார்கள். போலோவின் 1.2 லிட்டர் டர்போ அந்தக் கோட்டுக்குள் நின்றது. அபார்த்தின் 1.4 லிட்டர் கோட்டைத் தாண்டியதால் கூடுதல் வரியைச் சுமந்தது. அப்படியும் பத்து லட்சத்துக்குள் வந்ததால்தான் அதன் விலையை இன்றும் வியப்போடு சொல்கிறார்கள்.

டியாகோ ஜேடிபி நமக்கு இன்னும் நெருக்கம். கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடாவும் சேர்ந்து செய்த கார் அது. அதே கோவையில்தான் எஸ். கரிவரதன் மாருதி 800 என்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற பந்தயக் காரை உருவாக்கி, பெரும்பணம் இல்லாத இளைஞர்களையும் பந்தயத்துக்குள் அழைத்துவந்தார். எளிய என்ஜினிலிருந்து வேகத்தைக் கறப்பது அந்த ஊரின் கைப்பழக்கம்.

இப்போது இந்தப் பேச்சின் குறைக்கு வருகிறேன். பழைய ரூபாயை இன்றைய ரூபாயோடு நேருக்கு நேர் நிறுத்துவது நியாயமில்லை. மனை விற்றவர்கள் வரிக் கணக்குக்காகப் பார்க்கும் பணவீக்கக் குறியீட்டு எண் 2018-19-இல் 280, 2024-25-இல் 363. அந்தக் கணக்கில் ஜேடிபியின் 6 லட்சத்து 39 ஆயிரம், 2024-இல் ஏறத்தாழ 8 லட்சத்து 28 ஆயிரத்துக்குச் சமம். 2024 ஜூனில் டாடாவே அல்ட்ராஸ் ரேசரை 9 லட்சத்து 49 ஆயிரத்துக்கு இறக்கியது. பார்வைக்கு மூன்று லட்சத்துக்கு மேல் வித்தியாசம். கணக்குப் போட்டால் ஒன்றேகால் லட்சத்துக்கும் குறைவு. அதற்குள் பெரிய வண்டியும் ஆறு ஏர்பேக்கும் வந்துவிட்டன. தவிர, ரசிகர்கள் நினைவில் வைத்திருப்பதெல்லாம் ஷோரூம் விலை. பதிவு, சாலை வரி, காப்பீடு சேர்த்து வீட்டு வாசலுக்கு வந்த விலையை யாரும் சொல்வதில்லை.

இன்னொன்றையும் அன்போடு சொல்ல வேண்டும். இன்று பெருமூச்சு விடுகிறவர்களில் பலர் அன்று வாங்கவில்லை. நானும் வாங்கவில்லை. மைலேஜ் என்ன, மறுவிற்பனைக்கு என்ன கிடைக்கும் என்று யோசித்துத் தள்ளிப்போட்டோம். பாராட்டு நிறைய இருந்தது, வாங்கியவர்கள் குறைவு. 2020-இல் வாகனப் புகைக்கான பிஎஸ் 6 விதி வந்த காலத்தில் ஜேடிபி நின்றுபோனது. 2025-இல் கோல்ஃப் ஜிடிஐ இங்கே வந்தபோது விலை 53 லட்சம். பெயர் அதேதான், சம்பளக்காரருக்கு எட்டும் என்ற அந்தப் பழைய வாக்கு மட்டும் அதில் இல்லை.

ஆனாலும் இந்தப் பேச்சை நான் உயர்வாகவே மதிக்கிறேன். எது நமக்கு எட்டியது, எதை நாம் கைநழுவவிட்டோம் என்ற வரலாற்றை இந்த டீக்கடைப் பேச்சுதான் காப்பாற்றி வைத்திருக்கிறது. அதைத் துல்லியமாகச் சொன்னால் பேச்சின் மதிப்பு கூடும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். திருவண்ணாமலை, பதினான்கு கிலோமீட்டரை வெறுங்காலோடு சுற்றிவரும் ஊர். பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதை மட்டுமல்ல, ஊருக்கு வரும் சாலைகளிலும் நடப்பவர்கள் இருப்பார்கள். வண்டியின் முழு வேகத்தையும் பார்க்க இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் இருக்கிறது. எங்கள் ஊருக்கு மெதுவாக வாருங்கள். டீ குடித்துக்கொண்டே பழைய விலையைச் சொல்லுங்கள். கூடவே அது எந்த ஆண்டு, அன்று உங்கள் சம்பளம் எவ்வளவு என்பதையும் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று கேட்கும் பையனுக்கு, தன் சம்பளத்தில் தனக்கு எது எட்டும் என்று கணக்குப் போட அது உதவும்.