பல பொறிகளும் ஒரு கணக்கும்



ஒரு வங்கிக்கு இரண்டு கிளைகள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கிளையின் கணக்கும் அந்தந்த ஊரிலுள்ள கணிப்பொறியில் இருக்கிறது. முதற் கிளையிலுள்ள என் கணக்கிலிருந்து 100 ரூபாயை, இரண்டாம் கிளையிலுள்ள நண்பர் கணக்கிற்கு மாற்றுகிறேன். என் கணக்கில் தொகை குறைந்துவிட்டது. நண்பர் கணக்கில் சேருமுன் இரண்டாம் பொறி நின்றுவிட்டது. அப்பணத்தை எவரும் திருடவில்லை. ஆயினும் அது இரு கணக்கிலும் இல்லை.

மற்றோர் இடரும் உண்டு. 500 ரூபாய் இருப்புள்ள கணக்கில் இருவர் ஒரே வேளையில் ஆளுக்கு 100 ரூபாய் செலுத்துகின்றனர். இரு நிரல்களும் பழைய இருப்பாகிய 500ஐயே படித்து, 600 என்று எழுதிவிடுகின்றன. 700 இருக்கவேண்டிய இடத்தில் 600 நிற்கிறது. இங்கே பிழை கூட்டலில் இல்லை. ஒன்றையொன்று அறியாமல் இரு வேலைகள் உடன் நிகழ்ந்ததில் இருக்கிறது.

இவற்றைத் தடுக்கும் பொறுப்பை நிரல் எழுதுவோர் தலையிலேயே சுமத்தலாம். ஆனால் நூறு இடங்களில் விழிப்பாயிருப்பவரும் ஓரிடத்தில் அயர்ந்துவிடக்கூடும். அப்பொறுப்பை நிரல்மொழியே ஏற்றால் என்ன? 1980களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பார்பரா லிஸ்கோவ் அம்மையாரும் அவர் குழுவினரும் படைத்த 'ஆர்கஸ்' என்னும் மொழி இவ்வினாவிற்கு ஒரு விடை.

அதில் இரு கருத்துக்கள் முதன்மையானவை. முதலாவது 'காவலர்'. தரவுகளைத் தன்னுள் வைத்துக் காக்கும் நிரற் பகுதி அது. வெளியார் அத்தரவுகளை நேரே தொட இயலாது. காவலர் திறந்துவைத்த வாயில்களின் வழியே கேட்கவேண்டும். பொறி நின்று மீண்டாலும் அழியக்கூடாதவை எவை என்பதை நிரலிலேயே குறித்துவிடலாம்.

இரண்டாவது 'செயல்'. ஒரு செயல் முழுதும் நிறைவேறும். அன்றேல் நிகழாததே போல் மறையும். பல செயல்கள் உடன் நிகழினும், ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்தாற்போன்ற விளைவே கிட்டும்.

பல பொறிகளில் பரந்த செயல் எவ்வாறு முடிகிறது? ஒருங்கிணைக்கும் காவலர் முதலில், "ஆயத்தமா?" என எல்லாரையும் வினவுகிறார். ஒவ்வொருவரும் அழியாத சேமிப்பில் குறித்துக்கொண்டு, "ஆம்" என்கின்றனர். பின்னரே, "முடித்திடுக" என்னும் ஆணை பிறக்கிறது. ஒருவர் மறுத்தாலும் அனைவரும் பழைய நிலைக்குத் திரும்புவர். எனவே என் 100 ரூபாய் நண்பரைச் சேரும். இல்லையேல் என்னிடமே இருக்கும்.

இதற்கு விலையும் உண்டு. "ஆம்" என்று விடையிறுத்தபின் ஒருங்கிணைப்பவரின் பொறி நின்றுவிட்டால், அது மீளும்வரை மற்றவர்கள் தரவுகளைப் பூட்டிவைத்துக் காத்திருக்க நேரும். வேகம் குன்றும், கணக்குப் பிழையாது. எங்கே எதை விட்டுக்கொடுக்கலாம் என்று தேர்வதே இத்துறையின் ஓயாத ஆராய்ச்சி.

ஆர்கஸ் மொழி பரவலாக வழங்கவில்லை. ஆயினும் நிரல்மொழித் துறையிலும் பரந்த அமைப்புகளின் துறையிலும் லிஸ்கோவ் அம்மையார் ஆற்றிய பணிக்காக 2008ஆம் ஆண்டின் டூரிங் விருது அவருக்கு வழங்கப்பெற்றது. நிரல் பயிலும் மாணவர்களே, நீங்கள் எழுதும் ஒவ்வொரு நிரலையும், "பாதியில் நின்றால் என்னாகும்? இருவர் ஒருங்கே வந்தால் என்னாகும்?" என்று கேட்டுப் பாருங்கள். பிறர் பொருளைக் கணக்கில் ஏற்கும் எவருக்கும் அது கடமையாகும்.