ஒட்டிய மடல்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பிறந்த மண்ணைவிட்டு நெடுந்தொலைவில் வாழும் நமக்கு மடலே உயிர்நாடி. முன்பு உள்நாட்டு அஞ்சலை ஒட்டி அனுப்பினோம். இன்று கைப்பேசியில் வாட்ஸ்அப் வழியே அனுப்புகிறோம். மகளின் மணப்பேச்சு, தந்தையின் பிணி, தம்பியின் கடன் யாவும் அதில் அடங்கும். ஒட்டிய மடலைப் பிறர் பிரிக்கலாமா என்னும் வினா நமக்குப் புதிதன்று.

அரசுக்கு ஒற்றர் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. வள்ளுவரே ஒற்றாடலுக்கென ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். 2018-இல் கைப்பேசி வழிப் பரவிய பிள்ளைபிடிப்போர் வதந்தியால் அப்பாவிகள் பலர் அடித்துக் கொல்லப்பட்டனர். ஊருக்குப் புதியவரே பலவிடத்தும் இலக்காயினர். வேற்றூரில் வாழும் நாம் அவ்வச்சத்தை நன்கறிவோம்.

எனினும் அரசியலாரின் போக்கை எண்ணிப் பாருங்கள். 1986-இல், இராஜீவ் காந்தி பிரதமராயிருந்தபோது, அஞ்சலைப் பிரிக்க அரசுக்கு விரிந்த அதிகாரம் தரும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் ஒப்பமிடவில்லை. பின்வந்த நம் தஞ்சைத் தரணி மைந்தர் ஆர். வெங்கட்ராமன் 1990-இல் அதனைத் திருப்பி அனுப்பினார். மறு ஆண்டே, இராஜீவ் காந்தியின் இல்லத்தை ஹரியானா காவலர் இருவர் வேவு பார்த்தனர் என்று காங்கிரசார் கொதித்தெழுந்தனர். பிரதமர் சந்திரசேகர் பதவி விலக நேர்ந்தது. ஆட்சியில் இனிக்கும் வேவு, எதிரணியில் கசக்கிறது. இஃது ஒரு கட்சிக்கு மட்டும் உரிய குறையன்று.

2015-இல் வெளியான மறைகுறியாக்கக் கொள்கையின் வரைவு, மக்கள் தம் செய்திகளின் மூலத்தை 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்றது. எதிர்ப்பெழவே திரும்பப் பெறப்பட்டது. 2017 ஆகஸ்டு 24-இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒன்பதின்மரும் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமையே எனத் தீர்ப்பளித்தனர். ஆயினும் 2021-ஆம் ஆண்டு விதிகள், ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரைக் காட்டும்படி பெரிய நிறுவனங்களைப் பணித்தன. வாட்ஸ்அப் நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடியது. 2023-ஆம் ஆண்டு அஞ்சல் சட்டமும் அஞ்சலை இடைமறித்துத் திறக்க வழி வைத்துள்ளது.

மறைகுறியாக்கம் என்பது அனுப்புநரும் பெறுநரும் மட்டுமே திறக்கவல்ல பூட்டு. காவலருக்கென மூன்றாம் சாவி ஒன்று செய்தால், அது கள்வன் கையிலும் சேரலாம். பூட்டுக்கு ஆள் தெரியாது. குற்றவாளியைத் தேடட்டும், தக்க காரணம் காட்டி, அவனொருவனைத் தேடட்டும். அவன் பொருட்டு ஊரார் மடல் அனைத்தையும் திறந்து வைக்கச் சொல்வது முறையன்று.

ஆகவே, வாக்குக் கேட்டு நம் காலனிக்கு வருவோரிடம், "எதிரணியில் சொன்னதை ஆட்சியிலும் சொல்வீர்களா?" என்று கேட்போம். நம் இல்லத்திலும், வளர்ந்த பிள்ளைகளுக்கு வரும் மடலைப் பிரியாதிருக்கப் பழகுவோம். வீட்டில் மதிக்காத உரிமையை நாட்டினிடம் கேட்பது எங்ஙனம்?