வண்டி திணறினா முதல்ல கேள்வி கேளுங்க
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் எங்கள் குழு சார்பில் பேசியது)



விடியுமுன்னே தூக்குச்சட்டியோட போடியில் ஜீப்புக்குக் காத்து நிக்கிறவங்க நாம. 17 கொண்டை ஊசி வளைவு ஏறி, போடிமெட்டு தாண்டி, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஏலக்காய் எடுக்கப் போறோம். அந்த ஜீப் நல்லா ஓடுதாங்கிறது டிரைவர் கவலை மட்டும்தானா? நம்ம உயிரும் அதுலதானே இருக்கு!

பொருளாதாரக் கடன் வாங்கி எங்கள் குழு ஒரு பழைய டீசல் ஜீப் வாங்கியது. கொஞ்ச நாளில் ஒரு கோளாறு. சமதரையில் நல்லா ஓடும். மேட்டில் ஆக்சிலேட்டரை மிதிச்சா ஒரு நொடி திணறும், குலுங்கும், பிறகுதான் இழுக்கும். ஒருநாள் வளைவிலேயே இன்ஜின் நின்று, வண்டி பின்னால் நகர்ந்துவிட்டது. டிரைவர் தம்பி பிரேக்கை அழுத்திப் பிடிக்க, ஒருத்தி குதித்து சக்கரத்துக்குக் கல் வைத்தாள். அன்னைக்கு யாருக்கும் சோறு இறங்கலை.

காட்டிய இடத்தில், "டீசல் பம்பைக் கழட்டணும், 25,000 ரூபாய் ஆகும்" என்றார்கள். தவணை கட்டவே திண்டாடும்போது அவ்வளவு பணத்துக்கு எங்கே போறது? கூட்டம் போட்டுப் பேசினோம். வயதான ஒரு மெக்கானிக் அண்ணனிடம் கேட்டோம். அவர் வண்டியைத் தொடலை. எங்களைத்தான் கேள்வி கேட்டார்.

எப்போது திணறுது? புகை என்ன நிறம்? இன்ஜின் சத்தம் ஏறியும் வண்டி நகராம இருக்கா? டீசல் எங்கே பிடிச்சீங்க?

ஒவ்வொரு கேள்விக்கும் அர்த்தம் உண்டு. புகை கருப்பா வந்தா, டீசலுக்கு ஏற்ற காற்று கிடைக்கலை. முதலில் ஏர் ஃபில்டரைப் பார்க்கணும். நீலமா வந்தா இன்ஜின் ஆயில் எரியுது. சூடான பிறகும் வெள்ளையா வந்தா டீசல் சரியா எரியாம இருக்கலாம். சத்தம் மட்டும் ஏறி வண்டி நகரலைன்னா அது கிளட்ச் தேய்மானம். மலை உயர உயர காற்று லேசாகும். போடியைவிட போடிமெட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் பழைய வண்டிக்கு இழுவை கொஞ்சம் குறையறது இயல்பு. ஆனா குலுங்கித் திணறினா அது கோளாறுதான்.

எங்கள் வண்டியில் டீசல் ஃபில்டரைக் கழட்டினால் அடியில் தண்ணீர்! மழையில் மூடி சரியில்லாத கேனில் டீசல் வைத்திருந்தது எங்கள் தப்பு. டேங்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸிலும் விரிசல். டீசல் சொட்டலையேன்னு நாங்கள் கவனிக்கலை. அது பம்ப் உறிஞ்சும் பக்கம். டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். அந்த இடத்தில் கண்ணாடி மாதிரி டியூப் மாட்டி இன்ஜினை வேகமா ஓடவிட்டார். குமிழி குமிழியாப் போனதை எங்கள் கண்ணாலேயே பார்த்தோம். சமதரைக்குக் கொஞ்சம் டீசல் போதும். மேட்டுக்கு நிறைய வேணும். அதனால்தான் அங்கே மட்டும் திணறல்.

ஃபில்டர், ஹோஸ், கிளிப் மாற்றி, டேங்கைக் கழுவினோம். சில நூறு ரூபாயோட முடிந்தது. பம்பைத் தொடவே இல்லை.

பம்பும் நாசிலும் பழுதாகாதுன்னு சொல்லலை. செலவு குறைந்ததை முதலில் பார்த்துவிட்டு, கடைசியில் அதுக்குப் போகணும்னு சொல்றோம். ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஹோஸ், ஆக்சிலேட்டர் கேபிள், அப்புறம்தான் நாசில், பம்ப். இதே வரிசைதான்.

வரவு செலவுக்கு நோட்டு வைக்கிற நாம, வண்டிக்கும் ஒன்று போடலாமே. ஃபில்டர் மாற்றிய தேதி, திணறிய இடம், புகை நிறம் எல்லாம் எழுதுங்க. மெக்கானிக்கிடம் நோட்டைக் காட்டிப் பேசினால் நம்மை ஏமாற்ற முடியாது.

ஒன்று மறக்காதீங்க. திணறுற வண்டியில் மலை ஏறாதீங்க. அளவுக்கு மேல் ஆள் ஏற்றவும் விடாதீங்க. ஜீப்பில் எப்போதும் ஒரு மரக்கட்டை இருக்கட்டும். மேட்டில் நின்றுபோனால் கைப்பிரேக் போட்டு, பக்கவாட்டில் நின்று கட்டை வைக்கணும். வண்டிக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது.

ஒருநாள் கூலி போனா மறுநாள் சம்பாதிக்கலாம். வீட்டில் நமக்காகப் பிள்ளைகள் காத்திருக்காங்க, சகோதரிகளே. கேள்வி கேட்கத் தயங்காதீங்க.