ஆடவர்க்கும் நாணம் உண்டு



மருத்துவரின் கழுத்தில் தொங்கும் ஸ்டெதாஸ்கோப்பை நீங்கள் அனைவரும் கண்டிருப்பீர்கள். அக்கருவி பிறந்ததற்கு நாணமும் ஒரு காரணம் என்பதைச் சிலரே அறிவர். 1816ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து நெக்கேர் மருத்துவமனையில் பணியாற்றிய லென்னெக் என்னும் மருத்துவரிடம் இதய நோயுற்ற இளம்பெண் ஒருத்தி வந்தாள். நோயாளியின் மார்பில் நேரே காதை வைத்துக் கேட்பதும் அக்காலத்து முறைகளுள் ஒன்று. அவளுடைய இளமையையும் பெண்மையையும் எண்ணிய லென்னெக் அவ்வாறு செய்யத் தயங்கினார். காகிதத்தை இறுகச் சுருட்டிக் குழலாக்கி, ஒரு முனையை அவள் மார்பிலும் மறுமுனையைத் தம் காதிலும் வைத்தார். இதயத் துடிப்பு வியக்கத்தக்க தெளிவோடு கேட்டது. ஒரு நோயாளியின் நாணத்தை மதித்ததால் மருத்துவக் கலைக்கு நட்டம் நேரவில்லை, ஆக்கமே விளைந்தது.

அன்று வந்த நோயாளி ஓர் இளைஞனாக இருந்திருந்தால், அவனுடைய கூச்சத்தை யாரேனும் எண்ணிப் பார்த்திருப்பார்களா? இக்கேள்வியைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

'ஆண்பிள்ளைக்கு என்ன வெட்கம்?' என்று கேட்பது நம் வீடுகளில் வழக்கம். இந்த எண்ணம் நமக்கு மட்டும் உரியதன்று. இருபதாம் நூற்றாண்டின் உலகப் போர்களின்போது பல நாடுகளில், படையில் சேர வந்த இளைஞர்களை ஆடையின்றி வரிசையாக நிறுத்திப் பரிசோதித்தனர். அதைப் பெரிதாக எவரும் எண்ணவில்லை. மருத்துவமனை வார்டிலும், பெண்ணின் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்து மூடும் கை, ஆணின் கட்டிலருகே சில வேளை சோம்பி நின்று விடுகிறது. 'ஆண்தானே' என்ற ஒரு சொல்லே அதற்குச் சமாதானம் ஆகிவிடுகிறது.

2018ஆம் ஆண்டில் நம் நாட்டின் தேசிய மனித உரிமை ஆணையம் நோயாளர் உரிமைச் சாசனம் ஒன்றை வகுத்தது. மனித மாண்பும் தனிமையும் நோயாளர் அனைவருக்கும் உரியவை என்று அது கூறுகிறது. பெண் நோயாளியை ஆண் மருத்துவர் பரிசோதிக்கையில் மற்றொரு பெண் உடனிருக்க வேண்டும் என்றும் அது தனியே விதிக்கிறது. இது மிகவும் நன்று. ஆயினும், மாண்பு அனைவருக்கும் உரியது என்ற பொது விதி ஆடவரையும் தழுவியது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

ஆடவரின் கூச்சத்தைப் பொருட்படுத்தாமல் விடுவதால் என்ன தீங்கு? தீங்கு உண்டு, அதிலும் உங்கள் வயதினருக்கே மிகுதியாக உண்டு. விதைப்பையினுள் இருக்கும் விரை சில வேளை தன்னைத் தாங்கும் கயிற்றோடு முறுக்கிக்கொள்கிறது. இதனை விரை முறுக்கம் என்பர். பன்னிரண்டு வயதிலிருந்து பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகளிடம் இது பெரும்பாலும் காணப்படுகிறது. கயிறு முறுக்கிக்கொண்டால் இரத்த ஓட்டம் தடைப்படும். திடீரென்று கடும் வலி எழும். வீக்கமும் வாந்தியும் உண்டாகலாம். வலி தொடங்கி ஏறத்தாழ 6 மணி நேரத்திற்குள் அறுவை செய்து முறுக்கை அவிழ்த்தால், உறுப்பைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். ஒரு நாள் கழிந்துவிட்டால் காப்பாற்றுவது அரிது.

இந்த 6 மணி நேரம் எவ்வாறு கழிகிறது என்று எண்ணிப் பாருங்கள். பையன் நள்ளிரவில் வலியால் விழித்துக்கொள்கிறான். எங்கே வலிக்கிறது என்று தாயிடம் சொல்ல நாக்கு எழவில்லை. 'வயிறு வலிக்கிறது' என்கிறான். தாய் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுக்கிறாள். பொழுது விடிகிறது. மருத்துவரிடமும் அவன் வயிற்றையே காட்டுகிறான். உண்மை வெளிப்படும்போது காலம் கடந்துவிடுகிறது. இத்தகைய பிள்ளைகள் உண்டு என்பதால்தான், வயிற்று வலி என்று வரும் பையனைக் கீழேயும் பரிசோதிக்க வேண்டும் என்று மருத்துவ மாணவர்களுக்குக் கற்பிக்கிறார்கள்.

இளைஞர்க்கு நேர்வது போன்றே முதியவர்க்கும் நேர்கிறது. வயது ஏற ஏற ஆடவரின் புராஸ்டேட் சுரப்பி பருத்து, சிறுநீர் பிரிவதைத் தடுக்கும். அதனை அறிய மருத்துவர் கையுறை அணிந்த விரலால் ஆசனவாய் வழியே தொட்டுப் பார்ப்பதுண்டு. சில நொடிகளில் முடியும் இச்சோதனைக்குக் கூசியே ஆண்டுக் கணக்கில் தொல்லையை மறைத்து வைக்கும் தாத்தாக்கள் உண்டு. படுக்கையில் கிடக்கையில், சிறுநீர்ப் பாத்திரத்தை மற்றொருவர் எடுக்க வேண்டுமே என்று கூசித் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்பவர்களும் உண்டு. உடம்புக்கு நீர் மிகவும் தேவைப்படும் காலத்தில் அவர்கள் அதை மறுத்துக்கொள்கிறார்கள்.

ஆகவே ஆடவரின் நாணத்தைப் போக்க என்ன வழி? 'வெட்கப்படாதே' என்று அதட்டுவது வழியன்று. அதட்டினால் கூச்சம் உள்ளே ஒளிந்துகொள்ளுமே ஒழிய மறையாது. திருக்குறளில் 'நாணுடைமை' என்று ஓர் அதிகாரம் உண்டு. தகாத செயலுக்குக் கூசிப் பின்வாங்குவதே நாணம் என்று அதன் தொடக்கத்திலேயே வரையறுக்கும் வள்ளுவர், அழகிய மகளிரின் இயல்பான நாணம் வேறு என்றும் பிரித்துக் காட்டுகிறார். நாணத்தை மாந்தர்க்கே சிறப்பாக உரிய பண்பு என்கிறார். இதிலிருந்து நாம் இரண்டு உண்மைகளைப் பெறலாம். நாணம் என்பது ஆண், பெண் இருபாலார்க்கும் உரிய பெருமை என்பது ஒன்று. நோய் என்பது நாம் செய்த குற்றமன்று. ஆதலால் நோயுற்றதற்காகத் தலை குனிய வேண்டுவதில்லை என்பது மற்றொன்று. உடம்பை மறைக்க விரும்பும் கூச்சத்தை மதிப்போம்; நோயை மறைக்கத் தூண்டும் வெட்கத்தை விட்டுவிடுவோம்.

மருத்துவம் செய்வோரின் கடமை இங்கே தொடங்குகிறது. ஏறத்தாழ இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் கிரேக்க நாட்டில் ஹிப்பாக்கிரட்டீசின் பெயரால் வழங்கிய உறுதிமொழி, ஆண் பெண் இருபாலாரிடத்தும் மருத்துவர் நெறி தவறாது நடக்க வேண்டும் என்று வற்புறுத்தியது. 2013ஆம் ஆண்டில் பிரிட்டனின் பொது மருத்துவக் குழு வெளியிட்ட நெறிமுறை இதனை விரித்துரைத்தது. அந்தரங்க உறுப்புகளைப் பரிசோதிக்கும் முன், எதற்காகப் பரிசோதிக்கிறோம் என்று விளக்கி, நோயாளியின் இசைவைப் பெற வேண்டும். அவர் ஆடை களையவும் அணியவும் தனிமை அளிக்க வேண்டும். இயன்ற அளவு உடலைப் போர்த்தி வைக்க வேண்டும். நடுநிலையாளர் ஒருவர் உடனிருக்க விரும்புகிறாரா என்று கேட்க வேண்டும்; மருத்துவரும் நோயாளியும் ஒரே பாலினராயினும் இவ்விதி பொருந்தும்.

செவிலியரின் நிலையையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். உலகெங்கும் செவிலியருள் பெரும்பாலோர் பெண்களே. அமெரிக்கத் தரைப்படையின் செவிலியர் பிரிவில் ஆண்களுக்கு அதிகாரிப் பதவி கிடைத்ததே 1955ஆம் ஆண்டில்தான். ஆதலால் ஆண் நோயாளியின் உடம்பைத் துடைப்பதும், சிறுநீர்க் குழாய் பொருத்துவதும் பல இடங்களில் பெண்களின் பொறுப்பாகின்றன. அனுபவமுள்ள செவிலியர் முதலில் திரையை இழுப்பார். தேவையான இடம் தவிர மற்றவற்றைத் துணியால் மூடுவார். அடுத்து என்ன செய்யப் போகிறார் என்பதைச் சொல்லிய பின்னரே கையை வைப்பார். வேலை முடிந்தவுடன் போர்த்திவிடுவார். இவற்றிற்குப் பொருட்செலவு இல்லை. ஆனால், தம்மை ஒரு மனிதராக நடத்தினார்கள் என்னும் நிறைவை இவை நோயாளிக்கு அளிக்கின்றன.

நோயாளிக்கும் ஒரு கடமை உண்டு. அது வாய் திறந்து சொல்வது. 'டாக்டர், எனக்குக் கூச்சமாக இருக்கிறது', 'சிஸ்டர், அந்தத் திரையை இழுத்துவிடுங்கள்', 'ஆண் ஒருவர் பார்க்க முடியுமா?', 'அப்பா என்னோடு இருக்கட்டும்' என்று சொல்வதில் இழிவு ஏதும் இல்லை. ஏன் இந்தச் சோதனை என்று கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. காரணம் சொல்லாமலும் இசைவு பெறாமலும் எவரேனும் தொட்டால், மறுக்கவும் பெற்றோரிடம் சொல்லவும் தயங்காதீர்கள். கேட்ட வசதி எப்போதும் கிடைக்கும் என்று சொல்வதற்கில்லை. இரவு வேளையில் வார்டில் ஆண் செவிலியர் இல்லாது போகலாம். அப்போது சிகிச்சையைத் தள்ளிப் போடாதீர்கள். திரையும் போர்வையும் கேளுங்கள்.

மாணவர்களே, உங்களுள் சிலர் நாளை மருத்துவராகவோ செவிலியராகவோ ஆவீர்கள். உங்கள் முன் ஓர் ஆண் நோயாளி ஆடையைப் பற்றிக்கொண்டு தயங்கினால் நகைக்காதீர்கள். ஒரு நிமிடம் பொறுத்துத் திரையை இழுத்துவிடுங்கள். மற்றவர்கள் என்றேனும் ஒரு நாள் நோயாளியாக நேரும். அன்று வலிக்கும் இடம் எதுவாயினும், அதன் பெயரை உள்ளபடி சொல்லுங்கள். இன்று இரவே உங்கள் தம்பி வயிற்று வலி என்று முனகினால், அவன் அருகில் அமர்ந்து, 'உண்மையில் எங்கேடா வலிக்கிறது?' என்று மெல்லக் கேளுங்கள். அவன் கூசாமல் சொல்லக்கூடிய அண்ணனாகவோ அக்காளாகவோ நீங்கள் இருந்தால், அந்த 6 மணி நேரம் வீண் போகாது.