கடல் ஏன் நிறம் மாறுகிறது?

(கற்போர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கேரளத்தில் விழிஞ்ஞம் என்று ஓர் ஊர் இருக்கிறது. மீனவர் ஊர். பாறையில் ஒட்டி வளரும் சிப்பியை அங்கே விரும்பிச் சாப்பிடுவார்கள். 1997-ஆம் ஆண்டில் அப்படிச் சாப்பிட்ட 7 பேர் இறந்துபோனார்கள். சுமார் 500 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். சிப்பி அழுகியதால் வந்த கேடு அல்ல இது. சிப்பி தின்ற தீனியில் நஞ்சு இருந்தது.

அது என்ன தீனி? கடல் நீரில் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் கோடிக்கணக்கில் மிதக்கின்றன. அவற்றைப் பகையாக நினைக்காதீர்கள். பாசி இல்லையென்றால் மத்தியும் இல்லை, அயிலையும் இல்லை. ஆனால் சில வகைப் பாசிகள் சில நாட்களில் மளமளவென்று பெருகிவிடும். அப்போது நீர் சிவப்பாகும். அல்லது பச்சையாகும்.

ஏன் பெருகுகிறது? பயிருக்கு வெயிலும் வேண்டும், எருவும் வேண்டும். பாசிக்கும் அப்படித்தான். கடலில் வெயில் மேலே இருக்கிறது. எரு அடியில் கிடக்கிறது. செத்த உயிர்கள் எல்லாம் அடியில்தானே போய் மட்குகின்றன! நம் கடல்களில் மேல் நீர் சூடானது. அது மூடி போட்டதுபோல் அடி நீரை அமுக்கி வைக்கிறது.

ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று வருகிறது. காற்றும் பூமியின் சுழற்சியும் சேர்ந்து, கேரளக் கரையின் மேல் நீரை ஆழ்கடல் பக்கம் தள்ளுகின்றன. அந்த இடத்துக்கு அடியிலிருந்து குளிர்ந்த நீர் எருவோடு ஏறி வருகிறது. பிறகென்ன? பாசிக்கு விருந்துதான். ஆறுகள் கொண்டுவரும் வயல் உரமும் சாக்கடையும் வேறு சேர்கின்றன.

இதற்கு நேர்மாறான பாசியும் உண்டு. கோடையில், காற்று ஓய்ந்த சூடான கடலில், மரத்தூள் கொட்டியதுபோல் மிதக்கும். தனக்கு வேண்டிய தழைச்சத்தைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். கெட்டிக்காரப் பாசி!

இரவில் நீல ஒளி வீசும் நுண்ணுயிர் ஒன்று உண்டு. கொச்சிப் பக்கம் அந்த ஒளியைக் 'கவரு' என்பார்கள். அந்த உயிர் பெருகி, 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் கடல் பச்சையானது. பாம்பன், மண்டபம் பக்கம் மீன்கள் செத்து ஒதுங்கின. இப்படிப் பெருகியவை மடிந்து அழுகும்போது நீரில் உள்ள பிராணவாயு தீர்ந்துபோகும். மீன் மூச்சுத் திணறிச் சாகும்.

மறுபடி சிப்பிக்கு வருவோம். சிப்பி குடம் குடமாகக் கடல் நீரை வடிகட்டிப் பாசியைத் தின்கிறது. பாசியின் நஞ்சு அதன் உடம்பில் சேர்கிறது. சிப்பிக்கு ஒன்றும் ஆகாது. தின்கிற நமக்குத்தான் ஆபத்து. எவ்வளவு வேகவைத்தாலும் இந்த நஞ்சு போகாது. மணத்திலும் சுவையிலும் தெரியாது. நீர் தெளிந்த பிறகும் சில வாரங்கள் சிப்பிக்குள் தங்கும். எனவே நிறம் மாறிய கடலில் சிப்பி எடுக்காதீர்கள். தெளிந்த உடனேயும் எடுக்காதீர்கள்.

சாப்பிட்ட பின் உதடும் நாக்கும் மரத்துப்போகிறதா? விரல் நுனி சுருசுருவென்கிறதா? கை வைத்தியம் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். அடுத்து மூச்சு நின்றுபோகலாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சிப்பி சாப்பிட்டதை மருத்துவரிடம் சொல்லுங்கள். இதற்கு மாற்று மருந்து இல்லை. ஆனால் கருவி வைத்து மூச்சைக் காப்பாற்றினால் ஆள் பிழைப்பார்.

கடல் நிறம் மாறுவதைச் செயற்கைக்கோள் மேலிருந்து பார்க்கிறது. ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையம் அந்தச் செய்தியைத் தருகிறது. ஆனால் சிப்பிக்குள் நஞ்சு இருக்கிறதா என்று செயற்கைக்கோள் சொல்லாது. சிப்பியை எடுத்து ஆய்வுக்கூடத்தில்தான் பார்க்க வேண்டும். கடல் நிறம் மாறினால் மீன்வளத் துறை அலுவலகத்துக்கு எழுதுங்கள். நாளும் இடமும் குறித்து எழுதுங்கள். இப்போதுதான் எழுதக் கற்றுவிட்டீர்களே!

இனி நீங்கள் கேளுங்கள்.