பேர் பெற்றவரா? பிள்ளை வளர்ப்பவரா?



நாட்டின் இளையோர் கால்பந்து அணிக்குப் புதிய பயிற்சியாளரைத் தேடும்போது பேர் பெற்றவரைத் தேடுவதா, பிள்ளை வளர்ப்பவரைத் தேடுவதா என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஒரு பட்டியல் வாசித்தார். எத்தனை கோப்பை, எத்தனை கோல், எந்த நாட்டுக் குழு... கல்யாணத் தரகர் மாப்பிள்ளைக்கு எத்தனை ஏக்கர் என்று சொல்கிற மாதிரியே இருந்தது. (சிரிப்பு) ஐயா, ஏக்கர் சரி. பொண்ணை வச்சுக் காப்பாத்துவானா? அதைச் சொல்லுங்க!

தமிழ் வாத்தியாருக்குக் கால்பந்து என்ன தெரியும் என்று நடுவர் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார். பந்து தெரியாவிட்டால் என்ன? ஆளைத் தேர்ந்தெடுப்பதற்கென்றே வள்ளுவர் இரண்டு அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். 51 தெரிந்துதெளிதல். 52 தெரிந்துவினையாடல். ஆராய்ந்து நம்பு, நம்பிய பிறகு வேலையை அவனிடம் விடு. இந்த இரண்டும் முடிந்த பிறகுதான் 53, சுற்றந்தழால், அதாவது சொந்தக்காரர்களை அணைத்துக்கொள்வது. நம்ம ஊர்த் தேர்வுக் குழுக்கள் பல இருக்கே, 51, 52 பக்கத்தைப் புரட்டாமலே நேரே 53-க்குப் போயிடுது! (பலத்த கைதட்டல்)

பேர் பெற்றவர் வேண்டாம் என்று நான் ஏன் அடம் பிடிக்கிறேன்? எங்கள் கல்லூரியில் என்னிடம் படித்த மாணவன் ஒருவன், இடப்பக்கம் ஆடுவான். பந்து அவன் காலில் நாய்க்குட்டி மாதிரி கூடவே ஓடும். அணிக்கு வாய்த்த பயிற்சியாளர் பெரிய பேர் உள்ளவர். பையனுக்கு முழங்கால் வீங்கியது. "இன்னும் மூணு மேட்ச்தானே, கட்டுப் போட்டுக்கிட்டு ஆடு" என்றார். ஆடினான், ஜெயித்தார்கள். கோப்பை இன்றைக்கும் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. அவன் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் எல்லாரும் இலை முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தோம். மாப்பிள்ளைக்கு மட்டும் ஓரமாக நாற்காலி. "என்னப்பா?" என்றேன். "முழங்கால் மடங்காதுங்க ஐயா" என்று சிரித்தான். எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கோப்பையை எதிரணித் தலைவர் பட்டியலில் சேர்த்துக்கொள்ளட்டும். முழங்காலை எந்தப் பட்டியலில் சேர்ப்பீர்கள்?

சரி, அர்ஜென்டினாவுக்கு வாருங்கள். 1991-இல் போர்ச்சுகலில் நடந்த 20 வயதுக்கு உட்பட்டோர் உலகப் போட்டியில் அந்நாட்டுப் பையன்கள் களத்தில் முரட்டுத்தனமாக நடந்து, தடை வாங்கிக்கொண்டு வந்தார்கள். 1993 போட்டியில் அர்ஜென்டினா இல்லை. மரடோனா பிறந்த மண்ணுக்கு எவ்வளவு தலைக்குனிவு! 1994-இல் இளையோர் அணிக்குப் புதிய பயிற்சியாளர் வேண்டும். அந்த நாட்டில் பேருக்கா பஞ்சம்? கல்லெடுத்து எறிந்தால் உலகக் கோப்பை ஆடியவன் மேல் விழும். அவர்கள் எடுத்தது யாரை? ஹோசே பெகர்மன்.

யார் இவர்? 28 வயதில் முழங்கால் காயத்தால் ஆட்டத்தை விட்டவர். வீட்டுச் செலவுக்காக டாக்சி ஓட்டியவர். பிறகு வருஷக்கணக்காகச் சிறுவர் அணிகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர். பெரியவர்கள் அணி எதையும் நடத்தியதே இல்லை. எதிரணி நண்பர்கள் தேர்வுக் குழுவில் இருந்திருந்தால், விண்ணப்பத்தைப் பார்த்ததும் "ஸ்டாண்டுக்குப் போப்பா, சவாரி வரும்" என்று அனுப்பியிருப்பார்கள். (சிரிப்பு) ஆனால் டாக்சி ஓட்டினவருக்கு ஒன்று தெரியும் நடுவர் அவர்களே. வண்டியில் ஏறின ஆளைப் பத்திரமாக இறக்கிவிட வேண்டும்!

அந்த மனிதர் 1995, 1997, 2001 என்று மூன்று முறை இளையோர் உலகக் கோப்பையை வென்றார். உடனே எதிரணி அம்மா எழுந்திருக்கப் பார்க்கிறார்கள். "கடைசியில் நீங்களும் கோப்பையைத்தானே சொல்கிறீர்கள்?" அம்மா, உட்காருங்கள். கோப்பை பிறகு வந்தது. தேர்ந்தெடுத்த அன்றைக்கு அவர் கையில் என்ன இருந்தது? பிள்ளைகளோடு கழித்த வருஷங்கள். அதுதானே இன்றைய தலைப்பு!

நம் நாட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2017 அக்டோபரில் 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பை இந்தியாவில் நடந்தது. அந்த ஆண்டுத் தொடக்கத்தில் ஜெர்மன் பயிற்சியாளர் விலகினார். மார்ச்சில் போர்ச்சுகலிலிருந்து நார்டன் டி மாட்டோஸ் வந்தார். பொதுத்தேர்வுக்கு ஏழு மாசம் இருக்கும்போது கணக்கு வாத்தியார் மாறினால் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? மூன்று ஆட்டம், மூன்றும் தோல்வி. வாங்கிய கோல் 9, போட்டது 1. கொலம்பியாவுக்கு எதிராக 82-ஆவது நிமிஷம் மணிப்பூர்ப் பையன் ஜீக்சன் சிங் தலையால் முட்டிப் போட்டான். ஃபிஃபா உலகக் கோப்பை வரலாற்றில் இந்தியாவின் முதல் கோல். அந்தக் கைதட்டல் அடங்குவதற்குள் கொலம்பியா இன்னொன்று போட்டுவிட்டது. பாவம் பிள்ளைகள்.

பட்டியல் போடுகிறவர்கள் கணக்கில் அந்தப் பிள்ளைகள் அத்தோடு ஃபெயில். ஆனால் 2018 ஆகஸ்டில், அதே பிள்ளைகளில் பலர் இருந்த 20 வயது அணி ஸ்பெயினுக்குப் போனது. பயிற்சியாளர் ஃபிளாய்டு பின்டோ. எத்தனை பேருக்கு இந்தப் பேர் தெரியும்? கை தூக்குங்கள் பார்ப்போம். ஒரு கையும் இல்லை! (சிரிப்பு) இரண்டாவது பாதியில் ஒருவன் வெளியேற்றப்பட்டு, பத்துப் பேரோடு ஆடி, 2-1 என்று ஜெயித்தார்கள். யாரை? அர்ஜென்டினாவை! (நீண்ட கைதட்டல்)

இருங்கள், கைதட்டலைக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். அன்றைக்குத் தோற்ற அர்ஜென்டினாப் பையன்களுக்குப் பயிற்சியாளர் லியோனல் ஸ்கலோனி. அதே மாசம் பெரியவர்கள் அணியைத் தற்காலிகமாக அவரிடம் கொடுத்தார்கள். இந்தியாவிடம் தோற்றவரிடமா என்று எதிரணி கேட்டிருக்கும். அதற்கு முன் எந்தக் குழுவுக்கும் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லையே என்றும் கேட்டிருக்கும். அந்த ஸ்கலோனிதான் 2022-இல் கத்தாரில் மெஸ்ஸி கையில் உலகக் கோப்பை ஏறியபோது பயிற்சியாளர். அவருக்குத் துணையாக பாப்லோ ஐமார், வால்ட்டர் சாமுவேல். இந்த மூன்று பேரும் யார் தெரியுமா? 1997-இல் மலேசியாவில் கோப்பை வென்ற இளையோர் அணிப் பையன்கள். பெகர்மன், அந்த டாக்சிக்கார மனிதர், வளர்த்துவிட்ட பிள்ளைகள்!

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். அடிப்பதற்குள் நானே இறங்கிவிடுகிறேன். (கைதட்டல்)